ஏழு சாண் சப்பரம்

எர்சிலியாவின் கோழிக்கூட்டை அந்த ஒரு கோடையில் மட்டும் நாலாயிரம் பேராவது படம் பிடித்திருப்பார்கள். இதில் கோழிகளின் குற்றம் ஒன்றுமில்லை. இத்தாலியில் மலைமேல் இருக்கிற ரோக்காவெந்தாவில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று நகராட்சி ஒரு வரைபடம் அச்சடித்தது. ஒன்று, ஊர் வாசல் வளைவு. இரண்டு, ஊரின் காவல் புனிதர் தொனாத்தியார் கோவில். மூன்று, எண்ணெய்ச் செக்குக் குகை. இப்படியே போய் ஏழாவதாக 'மலையூர்ப் பெண்ணின் மாடம்' என்று போட்டிருந்தது. அந்தப் பெண் எர்சிலியா. மாடம் அவள் வீட்டு மாடம். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கீழே சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஏழு என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள். சுத்தியலை எடுத்துத் தகட்டைப் பெயர்த்து, சந்தோரம் இருந்த கோழிக்கூட்டின் கதவில் கொண்டுபோய் அடித்தாள். அப்படியே மாடத்துப் பூச்செடிகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வெங்காயம் நட்டாள். அதற்குப் பிறகு ஜெர்மனிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, வரைபடத்தைப் பார்த்து, கோழிகளைப் பார்த்து, மரியாதையாகத் தலையசைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எர்சிலியாவுக்கு வயது ஐம்பத்தேழு. மலைமேல் வருஷம் முழுக்கத் தங்குகிறவர்கள் பதினொரு பேர். அவர்களில் அவள் ஒருத்தி. ஆனால் நகராட்சிப் பதிவேட்டைக் கேட்டால் அப்படி ஒருத்தி அங்கே இல்லை என்று சொல்லும். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் மலையின் தென்சரிவு இரண்டு தெருக்களோடு பள்ளத்தில் போய் விழுந்தது. அரசாங்கம் பள்ளத்தாக்கைக் கடக்கிற பாலத்துக்கு இந்தப் பக்கம், கீழூரில், எல்லோருக்கும் வீடு கட்டிக் கொடுத்து எல்லோர் பெயரையும் அங்கே எழுதிக்கொண்டது. எர்சிலியாவின் புருஷன் ஒரேஸ்தே இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே கையெழுத்துப் போட்டான். அவள் மூன்று மாதம் கீழே இருந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் இவள் அலமாரியில் கோப்பை ஆடியது. நாலாவது மாதம் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பாலம் ஏறிப் போய்விட்டாள்.

ஒரேஸ்தே போகவில்லை. அவனுடைய இரும்புப் பட்டறை கீழே, சீட்டாடும் மதுக்கடை கீழே, போதாததற்கு முழங்கால் வலி. எனவே கல்யாணம் ஒன்று, வீடு இரண்டு, நடுவில் பாலம் என்று ஆயிற்று. ஞாயிறு மத்தியானம் மட்டும் மேலே வந்து சாப்பிடுவான். ஒரே கூரைக்குக் கீழே நாள் முழுக்க முறைத்துக்கொண்டு கிடக்கிற ஜோடிகளை நிறையப் பார்த்தாயிற்று. இவர்கள் பாடு எவ்வளவோ தேவலை.

இந்த ஏற்பாடு யாருக்கும் உறுத்தவில்லை, ஃபுல்வியோ மேயராகிற வரைக்கும். ஃபுல்வியோ கெட்டவன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரிவில் போன வீடுகளில் அவன் அப்பா வீடும் ஒன்று. பாலத்தின் கம்பிகள் அரித்துக்கொண்டிருந்தன. செப்பனிட மாகாணத்தில் கேட்டால் கையை விரித்தார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் ஒரே வருமானம். எனவே பாலத்தின் மேல்முனையில், ஊர் வாசல் வளைவடியில், ஒரு சாவடி போட்டு, வருகிறவர்களுக்குச் சீட்டு, குடியிருக்கிறவர்களுக்கு அட்டை என்று வைத்தான். ரோமாபுரியிலிருந்து ஒரு பல் டாக்டர் வடக்குச் சந்தில் வீடு வாங்கி வருஷத்துக்குப் பதினைந்து நாள் வந்து வெயில் காய்ந்துவிட்டுப் போவார். அவருக்குக் குடியிருப்போர் அட்டை வந்தது. எர்சிலியாவுக்கு வரவில்லை. அவள் வீடு சரிவோரம் இருக்கிறதாம். அங்கே மனுஷர் குடியிருப்பதாக எழுதச் சட்டத்தில் இடமில்லையாம். குடியிருக்கத்தான் இடமில்லை, வேடிக்கை காட்ட இடமிருக்கிறது.

அதற்கும் ஃபுல்வியோ ஒரு வழி கண்டுபிடித்தான். 'நான் ரோக்காவெந்தாவுக்கு விருந்தினராக வந்துபோகிறவள்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், சிறப்பு விருந்தினர் அட்டை இலவசம். படிவத்தை அவனே அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தான்.

"வெறும் காகிதம்க்கா. ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு இருங்க. யாரு கேக்கப் போறா?"

"வெறும் காகிதம்னா நீயே வச்சுக்க தம்பி," என்றாள் எர்சிலியா. "அன்னிக்கும் வெறும் காகிதம்னுதான் சொன்னாங்க. என் புருஷன் போட்டான். இன்னிக்கு நான் போட மாட்டேன்."

"அட்டை இல்லாம எப்படி உள்ள வருவீங்க?"

"காலால."

அன்று சாயங்காலம் அந்தப் படிவத்தில் ஆறு முட்டைகளைப் பொதிந்து மேயர் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். இரண்டாவது படிவம் வந்தது. அதுவும் முட்டையோடு திரும்பிப் போயிற்று. மூன்றாவது வந்தபோது கோழிகள் சரியாக முட்டையிடாத சமயம். வெங்காயத்தைச் சுற்றி அனுப்பினாள்.

சாவடியில் உட்கார்ந்திருந்தவன் நேவியோ. முன்பு பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், நாற்பது வயது, சண்டை என்றால் ஓரமாக நழுவிவிடுகிற ஆள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து 'ரோக்காவெந்தாவுக்கு நல்வரவு' என்று சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு உத்தரவு. முதல் நாள் பழக்கமில்லாத பதற்றத்தில் எர்சிலியாவிடமும் சொல்லித் தொலைத்தான்.

அவள் நின்றாள். "நேவியோ, உன் ஞானஸ்நானத்துக்குப் பலகாரம் சுட்டது யாரு?"

"நீங்கதாங்க்கா."

"அப்ப யாரு யாரை வரவேற்கிறது?"

அதன் பிறகு அவள் வருகிற நேரங்களில் நேவியோ பள்ளத்தாக்கைப் பார்க்கத் திரும்பிக்கொள்வான். அவள் குனிந்து, குறுக்கே கட்டிய கயிற்றின் அடியில் நுழைந்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவாள். தினம் இரண்டு தடவை. அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை அத்திமரம் என்று நேவியோவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

வினை வேறு ரூபத்தில் வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் குனிய ஆரம்பித்தார்கள். ஜூலை மாதம் ஒரு பேருந்துக் கூட்டம் முழுவதும், அந்த அம்மா போகிறார்களே, இதுதான் வழி போலிருக்கிறது என்று ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய்விட்டது. ஃபுல்வியோ பொறுமை இழந்தான். மிலானோவிலிருந்து ஒரு சுழல்கதவு தருவித்தான். ஆள் உயரக் கம்பிக் கூண்டு, அட்டையைக் காட்டினால் சுழலும். வெளியே போக அட்டை வேண்டாம், தள்ளினால் போதும். பக்கத்தில் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் ஒரு சின்னக் கதவு. மீதி இடமெல்லாம் இரும்புச் சட்டம். ஒரு பூனை நுழைய வழியில்லை.

இதெல்லாம் வந்து இறங்கியது ஜூலை முப்பதாம் தேதி. முந்தின நாள்தான் தொனாத்தியார் சப்பரத்தோடு கீழே இறங்கியிருந்தார். இது ஊர் இரண்டாகப் போவதற்கு முன்பிருந்தே, கீழே ஒரு கோவில் மட்டும் இருந்த காலத்திலிருந்து, நடக்கிற வழக்கம். திருநாளுக்கு ஒன்பது நாள் முன்னால் சப்பரம் கீழூர்க் கோவிலுக்குப் போகும். ஒன்பது நாள் நவநாள் செபம். ஆகஸ்டு ஏழாம் தேதி பவனியாக மேலே திரும்பும். பாலத்தில் கால் வைத்த பிறகு சப்பரம் தரையைத் தொடக் கூடாது, ஓர் அடி பின்வாங்கவும் கூடாது. மழைக்குப் பயந்து ஒரு வருஷம் இறக்கி வைத்து, திருப்பிக் கொண்டுபோனார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் தென்சரிவு போயிற்று. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இன்னொரு தடவை திருப்பிப் பார்க்க மட்டும் அந்தப் படித்தவர்களுக்கும் தைரியம் கிடையாது.

சுழல்கதவை மாட்டுகிற வேலை யாருக்குப் போயிருக்கும்? ஊருக்கு ஒரே இரும்புக்காரன் ஒரேஸ்தே. வளைவின் கல்லில் துளை போட்டு எட்டு மரையாணிகளை முறுக்கிக்கொண்டிருந்தவனை எர்சிலியா உள்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் செய்யலேன்னா வேற ஆளக் கூட்டிட்டு வந்து செய்யப் போறாங்க எர்சி," என்றான் கடைசியில்.

"நல்லா முறுக்கு. உன் பொண்டாட்டி பலசாலி."

அவன் கீழே போன பிறகு அவள் அந்தச் சின்னக் கதவின் குறுக்கே கையை விரித்து வைத்தாள். ஒரு சாண், இரண்டு, மூன்று, நாலு. அவ்வளவுதான். கூண்டுக்குள் அதைவிடக் குறுகல். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. தொனாத்தியாரின் பீடத்துக்கு இருபத்தைந்து வருஷமாகச் சிவப்புத் துணி தைத்துப் போடுகிறவள் அவள். பீடத்தின் அகலம் ஏழு சாண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

குழந்தை வண்டியை அளந்தார்கள், சக்கர நாற்காலியை அளந்தார்கள், மிலானோவுக்கு மூன்று கடிதம் போட்டார்கள். சாமியை யாரும் அளக்கவில்லை. சாமி எப்போதும் மேலேதானே இருக்கிறார் என்று எல்லோர் நினைப்பும். அதுவும் அவர் கீழே போய் உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது நாளில் போய் அப்படி நினைத்தார்கள். இப்படி ஒரு தப்பைச் செய்ய ரோக்காவெந்தாவில் பிறந்திருக்க வேண்டும்.

எர்சிலியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. சொல்லிவிடலாமா என்று வாசல் வரை போனாள். சொன்னால் என்ன ஆகும்? ஃபுல்வியோ நன்றி சொல்வான், திருநாளன்று ஒரு மணி நேரம் சட்டத்தைக் கழற்றுவான், திரும்ப மாட்டுவான். மறுநாள் காலை அவள் விருந்தாளி. திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சொல்வதில்லை என்று முடிவு செய்தாள்.

முதல் தேதியிலிருந்து கதவு வேலை செய்தது. எர்சிலியா வெளியே போகவில்லை. போனால் திரும்ப முடியாது. மாவு இருந்தது, காய்ந்த பயறு இருந்தது, முட்டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரேஸ்தே சாப்பிட வந்தான், கழுத்தில் அட்டை தொங்கியது. பழுதுபார்ப்பவர் அட்டையாம். கதவு அந்த வாரத்தில் மூன்று தடவை சிக்கிக்கொண்டதால் கருவிப் பெட்டியையே சாவடியில் விட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். அட்டையோடு மேசையில் உட்கார்ந்தவனுக்கு அவள் பயறும் பன்றித்தோலும் ஒரே ஒரு கரண்டி போட்டாள். இன்னொரு தடவை கேட்டான். தீர்ந்துவிட்டது என்றாள். பானை நிறைய இருந்தது இரண்டு பேருக்கும் தெரியும்.

சப்பரத்தின் முன் இடது கொம்பு முப்பது வருஷமாக ஒரேஸ்தேயின் தோளில். இந்த வருஷம் முழங்கால் தாங்குமா என்று தெரியவில்லை என்று அவன் எழுந்து போகும்போது முணுமுணுத்தான். அப்போது கதவின் அளவைச் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டைக் கழுவினாள்.

திருநாளுக்கு முந்தின நாள் பங்குச் சாமியார் தோன் இலாரியோ மேலூர்க்காரர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். எர்சிலியா முழங்காலிட்டு, ஒரு விஷயம் தெரிந்தும் சொல்லாமல் மறைத்த பாவத்தைச் சொன்னாள். சாண் கணக்கோடு சொன்னாள். திரைக்கு அந்தப்பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொன்னால் சாமியாருக்கே மோட்சம் கிடையாது.

"எர்சிலியா, எனக்கு ஏம்மா இந்தச் சோதனை?" என்றார் சாமியார். "பரிகாரமா நீயே போய் ஃபுல்வியோகிட்டச் சொல்லு."

"கட்டாயம் சொல்றேன் ஃபாதர்."

பாவமன்னிப்புக் கொடுத்துவிட்ட பிறகுதான் எப்போது சொல்ல வேண்டும் என்று தான் சொல்லாமல் விட்டது அவருக்கு உறைத்தது. திரையை விலக்கிப் பார்த்தார். அவள் போயிருந்தாள்.

ஏழாம் தேதி விடியற்காலை எர்சிலியா கோழிகளுக்கு இரண்டு நாள் தீனி வைத்தாள். மாற்று உடுப்பையும் ஒரு கம்பளிச் சால்வையையும் மூட்டை கட்டினாள். நடக்க வேண்டியது நடக்காமல் போனால் இரவு எங்கே படுப்பது என்று தெரியவில்லை. கீழூரில் ஒரேஸ்தே வீட்டில் ஒரு கட்டில் உண்டு, ஆனால் அங்கே படுத்தால் அந்தக் காகிதம் சொன்னது சரி என்று ஆகிவிடும். சாவடியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த நேவியோ கம்பிகளுக்கு அப்பாலிருந்து அவளைப் பார்த்து எழுந்தான்.

"அக்கா, யோசிச்சுக்கங்க. தாண்டிட்டீங்கன்னா என்னால திறக்க முடியாது. மிஷினு என் பேச்சக் கேக்காது."

"தெரியும்."

தள்ளினாள். கூண்டு சுழன்று அவளை வெளியே விட்டது. அவளுக்குப் பின்னால் அது பூட்டிக்கொண்ட சத்தம் பாலத்தின் பாதி வரை கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

கீழூர்க் கோவிலில் சிவப்புத் துணியை விரிக்கும்போது பீடத்தை இன்னொரு தரம் சாண் போட்டுப் பார்த்தாள். ஏழுதான். சாமி இளைக்கவில்லை.

பத்து மணிக்குப் பவனி கிளம்பியது. முன்னால் தோன் இலாரியோ, கழுத்து வரை வியர்த்திருந்தார். அவருக்குப் பின்னால் மூவர்ணப் பட்டை அணிந்த ஃபுல்வியோ. அப்புறம் வாத்தியக்காரர்கள். எட்டுப் பேர் தோளில் தொனாத்தியார், வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. கூட்டத்தில் முக்கால்வாசி கீழூர்ப் பெண்கள். ஊர்ச் சந்துகளில் சுமக்க வேண்டிய மாற்று ஆட்கள் எட்டுப் பேர் வழக்கம்போல முன்னதாகவே மேலே போய், அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்து, வளைவுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். பாலத்தின் செங்குத்தான கடைசிப் பகுதியில் ஏறும்போது ஒரேஸ்தேயின் இடது கால் நடுங்குவது பின்னால் வந்த எர்சிலியாவுக்குத் தெரிந்தது.

வளைவுக்குப் பத்தடி தூரத்தில் வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் பெரிய மேளம் மட்டும் இரண்டு அடி தனியாக அடித்துவிட்டு அதுவும் வாயை மூடிக்கொண்டது. தான் மாட்டிய கதவை ஒரேஸ்தே பார்த்தான். பிறகு தன் தோளிலிருந்த கொம்பைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து திருநாளன்று வரக் கூடாத ஒரு வார்த்தை வந்தது. கம்பிகளுக்குப் பின்னால் மாற்று ஆட்கள் எட்டுப் பேரும் சிறையில் இருப்பவர்களைப் போல நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபுல்வியோ அங்கும் இங்கும் ஓடினான். சாய்த்துப் பிடித்தால் என்ன என்று கேட்டான். ஆளுயர மரச் சுரூபம், கவிழ்ந்தால் பள்ளத்தாக்குதான். சுரூபத்தை மட்டும் கழற்றித் தூக்கினால் என்ன என்றான். சுரூபத்தின் தலையிலிருந்து பீடம் வரை ஒரே இரும்புக் கம்பி, அதைக் கழற்றினவன் இன்னும் பிறக்கவில்லை. "அப்ப கொஞ்சம் பின்னாடி போயி..." என்று ஆரம்பித்தான். பாலம் முழுக்க அப்படி ஓர் அமைதி விழுந்தது. அவனே அதைக் கேட்டான். அவனுக்கும் அப்பா வீடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாக்கியத்தை முடிக்கவில்லை.

எர்சிலியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேயர் ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லி ஃபாதர் எனக்குப் பரிகாரம் குடுத்திருக்காரு. இப்பச் சொல்லிர்றேன். சப்பரம் ஏழு சாண். உங்க கதவு நாலு சாண்."

தோன் இலாரியோ கண்ணை மூடிக்கொண்டார். ஃபுல்வியோவின் முகம் பட்டையின் சிவப்புக்கு வந்தது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மாட்டின அன்னிக்கே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

"விருந்தாளி வீட்டு விஷயத்துல எப்படித் தம்பி வாய் வைக்கிறது?"

யாரோ சிரித்தார்கள். எர்சிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரின் கழுத்து நரம்பும் புடைத்திருந்தது. ஒரேஸ்தேயின் கால் இப்போது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆடியது. இவர்களில் ஒருவன் விழுந்தால் அந்தப் பாவத்துக்கு எந்தச் சாமியாரிடமும் மன்னிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் முகத்தைத் தாழ்த்தவில்லை.

ஃபுல்வியோ கடைசியில் சரி என்று கையை உதறினான். கதவைக் கழற்று, சாமி போகட்டும், சாயங்காலம் மாட்டிக்கொள்ளலாம் என்றான். நேவியோ அதற்குள் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் கழற்றத் தெரிந்தவன் கொம்புக்கு அடியில் இருந்தான். அவன் இடத்துக்கு வர வேண்டிய ஆட்கள் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள்; வெளியே வர எட்டுப் பேரும் ஒரேயடியாகத் தள்ளியதில் கூண்டும் சின்னக் கதவும் மறுபடியும் சிக்கிக்கொண்டிருந்தன. வாத்தியக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எர்சிலியா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரேஸ்தேயின் பக்கத்தில் போய் நின்றாள். அவனைவிட அவள் ஒரு சாண் குள்ளம். மாற்று உடுப்பும் கம்பளிச் சால்வையும் அந்த ஒரு சாணைச் சரிக்கட்டின.

"பொம்பளை சப்பரம் தூக்குறதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒரேஸ்தே திரும்பாமலே சொன்னான்: "முப்பத்திரண்டு வருஷமா ஒரு வீட்டத் தனியாத் தூக்கிட்டு நிக்கிறா. அப்பல்லாம் நீ எங்கடா இருந்த?"

அவன் மெல்ல நழுவினான். கொம்பு அவள் தோளில் இறங்கியது. அவ்வளவு பாரம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. மூச்சு நின்று திரும்ப வந்தது. மேலே பார்த்தால் தொனாத்தியாரின் அங்கி ஓரம் தெரிந்தது. போன வருஷம் அவளே தைத்துக் கொடுத்த ஓரம், ஒரு இடத்தில் நூல் பிரிந்திருந்தது. நாளைக்கு அதைத் தைக்க வேண்டும் என்று நினைத்தாள்.

ஒரேஸ்தே முதல் மரையைக் கழற்றினான். "பத்திரமா வை, மிலானோல மட்டும்தான் கிடைக்குது," என்றான் ஃபுல்வியோ. ஒரேஸ்தே உள்ளங்கையில் அந்த மரையை உருட்டிப் பார்த்தான். கொம்புக்கு அடியில் சிவந்து போய் நின்ற தன் மனைவியைப் பார்த்தான். கையை நீட்டி மரையைப் பாலத்துக்கு வெளியே விட்டான். அது விழுந்த சத்தம் மேலே கேட்கவே இல்லை. இரண்டாவது மரை. மூன்றாவது. ஃபுல்வியோ வாயைத் திறந்தான், கூட்டத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். எட்டாவது மரையும் அத்திமரங்களுக்கு நடுவே போன பிறகு, கழுத்திலிருந்த அட்டையையும் கழற்றி அதே வழியில் அனுப்பினான்.

உள்ளேயிருந்த எட்டுப் பேரும் கூண்டைச் சட்டத்தோடு பெயர்த்து ஓரமாக இழுத்தார்கள். தோன் இலாரியோ தொண்டை கிழிய மன்றாட்டு மாலையை ஆரம்பித்தார். அவருக்கு இருந்த நிம்மதியில் சுருதியெல்லாம் யாரும் எதிர்பார்க்கவில்லை. மேளம் முழங்கியது. எர்சிலியா முன் இடது கொம்பைச் சுமந்தபடி வளைவைத் தாண்டினாள். மாற்று ஆள் ஓடி வந்து தோளைக் கொடுத்தான். அவள் கொம்பைக் கொடுக்கவில்லை. கோவில் வாசல் வரை அவளே சுமந்தாள்.

அந்த வளைவுக்கு ஒரு காலத்தில் மரக்கதவு இருந்தது. ஊரை ஆண்ட பிரபு ஒருவன் திருநாளன்று அதைச் சாத்தி வைத்தான் என்று ஜனங்கள் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கோவில் சுவரில் சாய்த்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள். சப்பரத்துக்குப் பின்னாலேயே கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அதை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மரக்கதவின் பக்கத்தில் சாய்த்தார்கள். மிலானோவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஃபுல்வியோ சொல்லிப் பார்த்தான். மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை என்றார்கள்.

சாயங்காலம் அவன் எர்சிலியா வீட்டுக்கு வந்தான். அவள் உட்காரச் சொல்லி ஒரு குவளை ஒயினும் ஒரு தட்டுப் பயறும் வைத்தாள். ஒரேஸ்தே ஏற்கெனவே இரண்டாவது தட்டில் இருந்தான். பாலம் விழுந்தால் எல்லோரும்தான் போவோம், வருகிறவர்களிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஃபுல்வியோ பரிதாபமாகச் சொன்னான். வாங்கு, நான் எங்கே வேண்டாம் என்றேன், என்றாள் எர்சிலியா. இரண்டு மடங்காக வாங்கு, கோழிகளுக்கும் தீனி வாங்க வேண்டும்.

"உங்களைப் பதிவேட்டுல என்னன்னுக்கா எழுதுறது?"

"எழுதாத. நீ எழுதினாலும் எழுதலேன்னாலும் நான் இங்கதான் இருப்பேன்."

அவன் பயறைத் தின்றுவிட்டு எழுந்தான். வாசலில் நின்று, பித்தளைத் தகட்டையாவது திரும்பச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டான். கோழிகள் பழகிவிட்டன என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் ரொட்டி வாங்கக் கீழே போனாள். ஒன்பது நாளுக்குப் பிறகு பாலத்தில் அவள் நடந்த முதல் சாதாரண நடை அது. தோள் வீங்கிக் கன்றிப் போயிருந்தது. திரும்பி வரும்போது வளைவின் குறுக்கே பழைய கயிறு கட்டியிருந்தது. சாவடி முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கும்பல் சீட்டுக்காக நின்றிருந்தது. நேவியோ ஒவ்வொருவருக்கும் நல்வரவு சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

இந்தத் தடவை பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. கயிற்றை முழுசாக அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"என்னக்கா, ரொட்டி கிடைச்சுதா? திருநாளுக்கு மறுநாளு, கடை திறக்க மாட்டான்னு நெனச்சேன்."

"திறந்திருந்தான். நேத்துச் சுட்டதத் தலையில கட்டிட்டான். கல்லு மாதிரி இருக்கு," என்று திட்டிக்கொண்டே எர்சிலியா வீட்டுக்குப் போனாள்.